சூடானால் படுத்துக்கொள்ளும் வண்டி

திருச்சி மெயின்கார்டு கேட் அருகே என் ஸ்கூட்டர் மூன்றாவது தடவை நின்றபோது, நான் கேட்காமலேயே இளநீர்க்காரர் ஸ்டூலை எடுத்துப் போட்டார். "இருபது நிமிடம்தானே அம்மா, உட்காருங்கள்" என்றார். அவருக்கே கணக்குத் தெரிந்துவிட்டது.

காலையில் ஸ்ரீரங்கத்தில் இரண்டாவது உதையில் கிளம்பும். காவிரிப் பாலம் வரை ஒரு குறை சொல்ல முடியாது. சத்திரம் பேருந்து நிலையம் தாண்டியதும் ஒரு செருமல். அப்புறம் இரண்டு, மூன்று. அதோடு அடங்கிவிடும். கால் வலிக்க உதைத்தாலும் பேச்சு மூச்சு இருக்காது. இருபது நிமிடம் ஆறவிட்டால், எதுவும் நடக்காததுபோல் கிளம்பும்.

வண்டி அப்பாவுடையது. 1983 மாடல் பஜாஜ் சேத்தக். 145 சிசி, இரண்டு ஸ்ட்ரோக், 6 வோல்ட், பாயின்ட் (மின்சுற்றைத் திறந்து மூடும் சிறு முனைகள்) வைத்த மேக்னெட் (இன்ஜின் சுழற்சியில் பொறிக்கான மின்சாரம் தரும் பாகம்). பெயரைப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கியது என்பதால், வீட்டில் எங்களைவிட அதற்கு மரியாதை அதிகம். அப்பா தினமும் அதை ஒரு பக்கமாகச் சாய்ப்பார், ஒரு கணம் நிறுத்துவார், நிமிர்த்தி உதைப்பார். ஏன் என்று கேட்டால் "பெட்ரோல் இறங்கும்" என்பார். அவர் போய் ஒன்பது வருடமாகிறது. நானும் சாய்த்துத்தான் உதைக்கிறேன்.

முதலில் பட்டறைக்குத்தான் கொண்டுபோனேன். பிளக் மாற்றினார்கள். கார்பரேட்டரைக் கழற்றி ஜெட்டில் காற்று அடித்தார்கள். பெட்ரோல் டியூப் புதிதாகப் போட்டார்கள். 1,400 ரூபாய். மறுநாள் அதே இடத்தில் நின்றது. இரண்டாவது தடவை போனபோது "ரிங் போயிருக்கும், போர் போட வேண்டும்" என்றார்கள். அதாவது பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கும், சிலிண்டரைக் குடைந்து சரிசெய்ய வேண்டும் என்று. அவர்களையும் முழுதாகக் குறை சொல்ல முடியாது. பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போவதற்குள் வண்டி ஆறிவிடும், அவர்கள் உதைத்தால் உடனே கிளம்பும். டாக்டர் மேசைக்கு முன்னால் உட்கார்ந்ததும் காய்ச்சல் விட்டுவிடும் குழந்தை மாதிரி. ஆனால் ரிங் தேய்ந்த வண்டி காலையில் கிளம்பவே தகராறு செய்யுமே, இது இரண்டாவது உதையில் கிளம்புகிறதே என்று யாரும் யோசிக்கவில்லை.

நான் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆய்வக உதவியாளர். இருபத்தாறு வருடமாக மாணவர்களுக்கு மீட்டரும் ஒயரும் எடுத்துக் கொடுக்கிறேன். ரீடிங் எப்போது எடுக்கிறோம் என்பதும் ரீடிங்கின் ஒரு பகுதி என்று முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ஓயாமல் சொல்பவள், சொந்த வண்டியை ஆறிய பிறகுதான் சோதித்துக்கொண்டிருந்தேன். அது உறைத்த அன்று டிக்கியில் பிளக் ஸ்பேனர், புது பிளக், துணி மூன்றையும் போட்டுக்கொண்டேன்.

நான்காவது தடவை நின்றதும் ஸ்டூலில் உட்காரவில்லை. முதல் வேலையாக சீட்டைத் தூக்கி டேங்க் மூடியைத் திறந்தேன். மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருந்தாலும் இதே நோய்தான் வரும். பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் சேர்ந்து, கீழே இறங்காமல் நின்றுவிடும். கொஞ்ச நேரம் விட்டால் காற்று கசிந்து சரியாகும். பல பேர் இதைக் கண்டுபிடிக்காமல் இன்ஜினையே பிரித்திருக்கிறார்கள். எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. மூடியைத் திறந்து வைத்து உதைத்தும் பயனில்லை.

அடுத்தது பிளக். கை சுடச் சுடக் கழற்றினேன். நுனி ஈரமாக, பெட்ரோல் மணத்தோடு இருந்தது. அப்படியானால் பெட்ரோல் சிலிண்டர் வரை வந்திருக்கிறது, பற்றவைக்கத்தான் ஆளில்லை. காய்ந்திருந்தால் கார்பரேட்டர் பக்கம் போயிருப்பேன். புது பிளக்கைக் கேப்பில் செருகி, அதன் உலோக உடம்பை சிலிண்டர் ஹெட்டில் பதியவைத்து, ரப்பர் கேப்பை மட்டும் பிடித்துக்கொண்டு உதைத்தேன். (உலோகத்தில் கை பட்டால் முழங்கை வரை சுரீர் என்று ஏறும், அனுபவம்.) மஞ்சளாக, நூல்போல ஒரு பொறி. அடுத்த உதையில் அதுவும் இல்லை. இருபது நிமிடம் கழித்து அதே பிளக்கில் நீலமாகச் சடக் சடக்கென்று சத்தத்தோடு விழுந்தது. இளநீர்க்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்.

இனி சந்தேகப்பட மூன்று பேர்தான்: மேக்னெட்டுக்குள் இருக்கும் காயில், வெளியே இருந்து பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் எச்.டி. காயில், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கண்டென்சர். இன்ஜினை நிறுத்தும் ஸ்விட்ச்சின் ஒயர் எங்காவது உரசி எர்த் ஆனாலும் இப்படி ஆகும். அதைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தேன், மாற்றமில்லை.

அன்று இரவு மகனை அழைத்துக்கொண்டு பாலம் வரை இரண்டு சுற்றுப் போய், வீட்டு வாசலுக்குள் நுழையும்போது சரியாக அணையும்படி சூடாக்கினேன். வாசல் விளக்கை அணைத்தோம். விசிறி மூடியைக் கழற்றி, மேக்னெட்டின் சுழலும் சக்கரமான ஃப்ளைவீலின் ஜன்னலுக்கு எதிரே நான் குந்தி உட்கார்ந்தேன். மகன் உதைத்தான். பாயின்ட் இருக்கும் இடத்தில் குட்டி வெல்டிங் மாதிரி நீல வெள்ளையில் ஒரு வெளிச்சம் தெறித்தது. மறுபடி உதைக்கச் சொன்னேன். மறுபடி தெறித்தது.

பாயின்ட் திறக்கும்போது காயிலில் எழும் மின்னழுத்தம் அந்தச் சிறு இடைவெளியையே தாவிப் போகப் பார்க்கும். அதைத் தாங்கி, பாயின்ட்டில் பொறி விழாமல் காப்பதுதான் கண்டென்சரின் வேலை. நல்ல நிலையில் அங்கே ஊசிமுனை அளவு மினுக்கம்தான் தெரியும். இப்படி எரிகிறது என்றால் பிளக்கில் விழ வேண்டியது பாயின்ட்டிலேயே தீர்ந்துபோகிறது என்று பொருள். "அப்போ விற்றுவிடலாமா?" என்றான் மகன். அவனுக்கு மின்சார ஸ்கூட்டர் ஆசை. 2020 முதல் அதுவும் சேத்தக் என்ற பெயரிலேயே வருகிறது, அதில் பிளக்கும் இல்லை பாயின்ட்டும் இல்லை என்று நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறான்.

ஃப்ளைவீலைக் கழற்றுவது நினைத்த அளவு கடினமில்லை. நட்டைத் திருப்பத் திருப்ப முதலில் இளகும், பிறகு முன்னாலுள்ள லாக் வளையத்தில் முட்டி மறுபடி இறுகும். அங்கே பயந்து நிறுத்தக் கூடாது. இன்னும் திருப்பினால் நட்டே ஃப்ளைவீலை இழுத்து வெளியே கொண்டுவரும். பாயின்ட் முகம் கரிந்து, ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் குழியுமாக இருந்தது. ஒயரின் ஈயப் பற்றை உருக்கிக் கண்டென்சரை எடுத்து, மறுநாள் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன்.

மீட்டரில் அதன் மின்தேக்குத் திறன் 0.24 மைக்ரோஃபாரட். கச்சிதம். அதைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. இரவெல்லாம் மேக்னெட்டைப் பிரித்துவிட்டு, குற்றமில்லாதவனைப் பிடித்து வந்திருக்கிறேனா? பிறகுதான் சுதாரித்தேன். இங்கேயும் ஆறிய நோயாளியைத்தானே சோதிக்கிறேன். பிஸ்கட் டப்பாவுக்குள் 100 வாட் பல்பை இறக்கி, பக்கத்தில் கண்டென்சரை வைத்து மூடினேன். கால் மணி நேரத்தில் மீட்டர் எண்கள் தள்ளாட ஆரம்பித்தன. மின்தடையை அளந்தேன். குளிர்ந்திருந்தபோது மீட்டரின் எல்லையைத் தாண்டி நின்றது, இப்போது சில ஆயிரம் ஓம்ஸில் வந்து உட்கார்ந்திருந்தது. வெளியே எடுத்து ஆறவைத்ததும் மறுபடி உத்தமன்.

பாலக்கரையில் இரண்டு புதுக் கண்டென்சர் வாங்கினேன். மாட்டுவதற்கு முன்னால் இரண்டையும் அதே டப்பாவில் படுக்க வைத்தேன். ஒன்று பத்து நிமிடத்தில் சுருண்டது. மற்றொன்று தாங்கியது, ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. எலக்ட்ரானிக்ஸ் கடையில் 0.22 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் தாங்கும் ஃபிலிம் கெபாசிட்டர் (கண்டென்சருக்கே இன்னொரு பெயர்) ஒன்று வாங்கி, இன்ஜின் சூடு அவ்வளவாகப் படாத இடமாகப் பார்த்து, வெளியே எச்.டி. காயிலுக்குப் பக்கத்தில் ஒயரில் பற்றவைத்தேன். வோல்ட்டேஜில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. 6 வோல்ட் வண்டிதானே என்று 50 வோல்ட் கெபாசிட்டரைப் போட்டால் தெருமுனை தாண்டாது, பாயின்ட் திறக்கும் கணத்தில் நூற்றுக்கணக்கான வோல்ட் எழும். பாயின்ட்டை நைஸ் உப்புத்தாளில் தேய்த்து, பெட்ரோல் துணியால் துடைத்து, இடைவெளியை 0.4 மில்லிமீட்டருக்கு வைத்தேன்.

திங்கட்கிழமை சத்திரம் தாண்டியது. மெயின்கார்டு கேட்டும் வந்தது. இளநீர்க்காரர் ஸ்டூலைத் தூக்கிவிட்டார், அவருக்காக இன்ஜினை நிறுத்தி உட்கார்ந்து ஒரு இளநீர் குடித்தேன். கொதிக்கிற இன்ஜினோடு எழுந்து உதைத்தேன், முதல் உதை.

"புகை வெள்ளையாக வருகிறதே அம்மா" என்றார்.

கவனித்திருக்கிறேன். கிளட்ச் பக்க ஆயில் சீல் போய், கியர் ஆயில் உள்ளே எரிகிறது. அதற்கு இன்ஜினை இறக்க வேண்டும். தீபாவளி போனஸ் வரட்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.