கௌட்: வலி நின்ற பிறகுதான் வேலை இருக்கிறது

ராத்திரி நன்றாகப் படுத்தவர் இரண்டு மணிக்கு எழுந்து காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பெருவிரலின் அடிமூட்டு சிவந்து பளபளவென்று வீங்கியிருக்கும். போர்வை பட்டால்கூட உயிர் போகும். விடிந்ததும் வீட்டில் ஆளுக்கொன்று சொல்வார்கள்: எங்கேயோ இடித்திருப்பாய், சுளுக்கு, வாயு. யாராவது ஒருவர் நல்லெண்ணெயைச் சூடு பண்ணிக்கொண்டு வருவார். அதை முதலில் அடுப்படிக்கே திருப்பி அனுப்புங்கள்.

இது கௌட், யூரிக் ஆசிட் மிஞ்சி வரும் மூட்டுவலி. கௌட் மூட்டை நீவவும் கூடாது, சுடுதண்ணீர் ஒத்தடமும் கூடாது. இரத்தத்தில் மிஞ்சிய யூரிக் ஆசிட் மூட்டுக்குள் யூரேட் உப்பாக, ஊசி ஊசியான படிகமாகப் படிந்திருக்கிறது. அதை விழுங்க வரும் வெள்ளை அணுக்கள்தான் அங்கே தீயை மூட்டுகின்றன. நீவினால் அந்த இடம் இன்னும் கொதிக்கும். ஐஸைத் துண்டில் சுற்றி 15, 20 நிமிடம் வையுங்கள்; ஒரு நாளில் நாலைந்து முறை வைக்கலாம். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் இதைச் செய்ய வேண்டாம், குளிரில் தோல் புண்ணானாலும் தெரியாது. காலை இரண்டு தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். ஒரு அட்டைப்பெட்டியின் இரு பக்கத்தை வெட்டிப் பாதத்துக்கு மேல் கூடாரம் மாதிரி கவிழ்த்துவிட்டால் போர்வை விரலில் படாது. கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் அன்றைக்குத் தூக்கம் கிடைப்பது அதனால்தான்.

மாத்திரையில் எது என்பதைவிட எப்போது என்பதுதான் முக்கியம். கௌட் வீக்கத்தை அடக்கும் கோல்ச்சிசின், வலி தொடங்கிய முதல் 12 மணி நேரத்துக்குள் போனால் நன்றாகக் கேட்கும். 36 மணி நேரம் தாண்டினால் பெரிதாகப் பலன் இருக்காது. நம் ஊரில் கிடைப்பது 0.5 மில்லிகிராம் மாத்திரை. வழக்கமான அளவு முதலில் இரண்டு, ஒரு மணி நேரம் கழித்து ஒன்று. பிறகு 12 மணி நேரம் விட்டு, வலி அடங்கும்வரை தினம் ஒன்றோ இரண்டோ. வயிற்றுப்போக்கு வரும்வரை மணிக்கொன்று விழுங்கு என்பது பழைய முறை. குறைந்த அளவே அதே பலனைத் தருகிறது என்று 2010-இல் வெளியான ஆய்வு காட்டிய பிறகு அதைக் கைவிட்டுவிட்டார்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும், சிலருக்குக் கொடுக்கவே கூடாது. கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கோ, வெராபமில், டில்டியாசெம் என்ற பிரஷர், இதய மாத்திரைகளோ சாப்பிடுபவர்களுக்கு இந்த மருந்து உடம்பில் தேங்கி விஷமாகும். அதனால் அடுத்த தாக்குதலுக்கு என்ன எடுக்க வேண்டும் என்பதை, வலி இல்லாத ஒரு நாளிலேயே டாக்டரிடம் எழுதி வாங்கி வீட்டில் வைத்திருங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எந்த மெடிக்கல் ஷாப் திறந்திருக்கும்?

இந்தக் கோல்ச்சிசின் வேறெங்கிருந்தோ வந்ததில்லை. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருப்பது இதுதான். ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று விவசாயம் செய்து விதையை மருந்துக் கம்பெனிகளுக்கு விற்கிறார்கள். ‘இயற்கைதானே’ என்று கிழங்கை இடித்துக் குடிக்க யாராவது சொன்னால் காது கொடுக்காதீர்கள். மருந்துக்கும் விஷத்துக்கும் இடைவெளி மிகக் குறைவு, முறிவு மருந்தும் கிடையாது.

கோல்ச்சிசின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நாப்ராக்சென், இண்டோமெத்தாசின் போன்ற வலி மாத்திரைகள் உண்டு. குடல்புண், சிறுநீரகக் கோளாறு, இதயச் செயலிழப்பு உள்ளவர்களும், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் அந்தப் பக்கம் போகக் கூடாது. அவர்களுக்குப் பெரும்பாலும் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை, தினம் 30 மில்லிகிராம், ஐந்து நாள். சர்க்கரை நோயாளியாக இருந்தால் அந்த ஐந்து நாளும் சர்க்கரை எகிறும், அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூட்டு வீக்கத்தோடு குளிர்காய்ச்சலும் வந்தால் இதெல்லாம் நிற்கட்டும். மூட்டுக்குள் சீழ் பிடித்தாலும் இப்படியேதான் இருக்கும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், மூட்டிலிருந்து நீர் உறிஞ்சிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இன்னொரு குழப்பம் இரத்தப் பரிசோதனை. வலி உச்சத்தில் இருக்கும்போது பார்த்தால் யூரிக் ஆசிட் நார்மல் என்றே வரலாம், அந்த நேரத்தில் அளவு தற்காலிகமாக இறங்கும். ‘அப்போ கௌட் இல்லை’ என்று அனுப்பப்பட்டவர்கள் நிறைய. வலி அடங்கி இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

இனிதான் பலரும் கோட்டை விடும் இடம். வலி பத்து நாளில் தானாகவே போய்விடும், ஆளும் மறந்துவிடுவார். படிகம் போயிருக்காது. உப்பளத்துப் பாத்தியை நினைத்துக்கொள்ளுங்கள்: தண்ணீரில் உப்பு ஓர் அளவைத் தாண்டினால் அடியில் படியும், தண்ணீர் நீர்த்தால் படிந்தது கரையும். யூரிக் ஆசிட்டுக்கு நம் உடல் சூட்டில் அந்த எல்லை சுமார் 6.8 (ரிப்போர்ட்டில் வரும் மி.கி./டெ.லி. கணக்கில்). பாதம் உடம்பைவிடக் குளிர்ந்தது, அங்கே எல்லை இன்னும் கீழே. அதனால்தான் பெருவிரல் முதலில் மாட்டுகிறது, அதனால்தான் இலக்கு 6-க்குக் கீழே.

வருடத்துக்கு இரண்டு முறையாவது வலி வந்தாலோ, தோலடியில் கட்டி தெரிந்தாலோ, எக்ஸ்ரேயில் மூட்டு அரித்திருந்தாலோ யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் அல்லோபியூரினால் மாத்திரை வேண்டும். தொடக்கம் 100 மில்லிகிராம், சிறுநீரகக் கோளாறு இருந்தால் 50. இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை யூரிக் ஆசிட் பார்த்து, 6-க்குக் கீழே இறங்கும்வரை படிப்படியாக ஏற்ற வேண்டும். 100-இலேயே வருடக்கணக்கில் நின்று, ரிப்போர்ட்டில் 8.2 இருந்தும் ‘மாத்திரை சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்’ என்பதில் அர்த்தமில்லை. முதல் இரண்டு மாதத்தில் உடம்பில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் அந்த நிமிடமே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள், அரிதாக அது உயிருக்கே ஆபத்தாகும்.

ஆரம்பித்த சில மாதங்களில் வலி அடிக்கடி வரும். பழைய படிகம் கரைந்து நகர்வதால் வருவது அது. ‘இந்த மாத்திரைதான் வலியைக் கிளப்பியது’ என்று குப்பையில் போடுபவர்கள்தான் அதிகம். இதைத் தடுக்கத்தான் முதல் மூன்று முதல் ஆறு மாதம் கோல்ச்சிசின் 0.5 சேர்த்துத் தருகிறார்கள். கொலஸ்ட்ரால் மாத்திரையும் கூடச் சாப்பிடுபவர்கள் தொடையில் பலவீனமோ சதைவலியோ தெரிந்தால் சொல்ல வேண்டும். வலி வந்தாலும் அல்லோபியூரினாலை நிறுத்தாதீர்கள்.

சாப்பாட்டைப் பற்றித்தான் ஊரே பேசும், அது யூரிக் ஆசிட்டில் குறைக்கப்போவது என்னவோ ஒரு புள்ளி அளவுதான். ஈரல், மூளை, குடல், நெத்திலி, மத்தி, பீர், கலர் பாட்டில்கள் ஆகாது. பருப்பையும் கீரையையும் காளானையும் விலக்கி வைத்த குடும்பங்கள் பாவம், அவற்றால் கௌட் வருவதில்லை என்று தெரிந்து வருடங்கள் ஆகின்றன. மோர் நல்லதே. பட்டினி கிடந்து எடையைக் குறைத்தாலும், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் அலைந்தாலும் தாக்குதல் வரும். பிரஷருக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு சாப்பிடுகிறீர்களா என்று சீட்டைப் பாருங்கள். அது யூரிக் ஆசிட்டை ஏற்றும், லோசார்டன் என்ற வேறொரு பிரஷர் மாத்திரை இறக்கும். மாற்றலாமா என்று கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். இதயத்துக்கான சின்ன ஆஸ்பிரினும் கொஞ்சம் ஏற்றும், ஆனாலும் அதில் கை வைக்கவே கூடாது.

காது மடலிலும் முழங்கையிலும் விரலிலும் கட்டி வந்துவிட்டால் இலக்கு 5-க்குக் கீழே. கட்டி உடைந்து சுண்ணாம்பு மாதிரி கசிந்தால் பிதுக்காதீர்கள், கிருமி உள்ளே போகும். சுத்தமான துணியால் மூடி டாக்டரிடம் காட்டுங்கள். அளவு கீழேயே நின்றால் கட்டியும் மெல்லக் கரையும். மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு வருடக்கணக்கில்.