அப்பாவின் குறட்டை

பங்குனி 3
இருதயம் நின்றால் நெஞ்சை அமத்தி உயிர் காக்கிற முதலுதவி வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தேன். அப்பாவுக்குச் சொல்லேல்லை. அவரின் இருதயத்துக்குக் கொழும்பு ஆஸ்பத்திரித் திகதி இன்னும் வரேல்லை.

பங்குனி 5
உப்புவெளியில் வகுப்பு. பாலர் பள்ளி ரீச்சர்மார், கடலுக்குப் போற பெடியள் இரண்டு பேர், நான். நிலத்தில் காலில்லாத பொம்மை. நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடியை வைத்து, முழங்கை மடங்காமல் அமத்த வேணும். ஆழம் 5 சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது, 6ஐத் தாண்டவும் கூடாது. நிமிடத்துக்கு 100 தொடக்கம் 120. 30 தரம் அமத்தி 2 மூச்சு. இரண்டு நிமிடத்தில் தோள்மூட்டு கழன்றுவிடும் போலிருந்தது.

"நெஞ்சைத் திரும்ப எழும்ப விடுங்கோ பிள்ளை. அப்பதான் இருதயத்துக்குள்ள இரத்தம் நிரம்பும்" என்றா வகுப்பெடுக்கிற தாதி மிஸ்ஸி. விலா எலும்பு உடையலாமாம். உடைந்தாலும் நிப்பாட்டக்கூடாதாம்.

பங்குனி 6
அப்பா விறாந்தையில் சேட் இல்லாமல் இருந்தார். விலா எலும்புகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பங்குனி 8
இருதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் ஆள் இடைக்கிடை வாயால் இழுக்குமாம், குறட்டை மாதிரியே கேட்குமாம். மூச்சு இருக்குது என்று நினைத்துச் சனம் பார்த்துக்கொண்டு நிற்குமாம். அது மூச்சே இல்லை. மிஸ்ஸி இதை ஏன் சொன்னா? அப்பாவின் குறட்டைதான் இத்தனை நாளும் எனக்கு நிம்மதி. அது கேட்டால் நித்திரை வரும். இப்போது கேட்டாலும் பயம், கேட்காவிட்டாலும் பயம். தட்டி, கூப்பிட்டு, 10 செக்கனுக்குள் பார்த்து முடிவெடுக்க வேணும். இரவு ரோச்சோடு போய் நின்றேன். ஏழு எண்ணும்வரை நெஞ்சு அசையவில்லை. பிறகு அசைந்தது.

"என்ன பிள்ளை, கரண்ட் போட்டுதே?"
"ஓம் அப்பா."

பங்குனி 9
மெத்தையில் வைத்து அமத்தினால் மெத்தைதான் கீழே போகும். நிலத்துக்கு இறக்க என்னால் தனிய ஏலாது. வெயிலில் போடப்போறன் என்று மெத்தையை எடுத்துவிட்டு, பலகைக் கட்டிலில் பாய் விரித்தேன். வெக்கைக்கு நல்லது என்கிறார்.

பங்குனி 12
இன்றைக்குப் பிள்ளைகள். பெரியாக்களுக்குக் கூடுதலாக இருதயம்தான் முதலில் நிற்கும், பிள்ளைகளுக்கு மூச்சு. அதனால் முதலில் 5 மூச்சு ஊதிவிட்டுத்தான் அமத்தத் தொடங்க வேணும். ஆழம் நெஞ்சின் மூன்றில் ஒரு பங்கு. கைக்குழந்தையென்றால் இரண்டு பெருவிரலும் போதும். தண்ணியில் மூழ்கினவர் எந்த வயதென்றாலும் அந்த 5 மூச்சுத்தான் முதலில்.

"வயித்தை அமத்தித் தண்ணி எடுக்கிறேல்லையோ மிஸ்ஸி?" கடலுக்குப் போற பெடியன்.
"இல்லைத் தம்பி. எடுக்கவே கூடாது."

அவன் பிறகு வாய் திறக்கவில்லை. வகுப்பு முடிந்தும் பொம்மைக்குப் பக்கத்திலேயே இருந்தான்.

பங்குனி 13
2 மணிக்கும் 4 மணிக்கும் எழும்பினேன்.

பங்குனி 16
அப்பா கொப்பியைக் கண்டுவிட்டார். சத்தம் போடவில்லை. "எங்க, கையை எப்படி வைக்கிறது?" என்று சேட்டைத் திறந்தார். உயிரோடிருக்கிற ஆளில் அமத்திப் பழகக்கூடாது. வைத்து மட்டும் காட்டினேன். கைக்குக் கீழே துடித்தது. எடுக்க மனம் வரவில்லை.

பங்குனி 20
திகதி வந்திட்டுது. நாளை விடிய நாலரைக்கு வான். வழியில் ஏதும் என்றால் சீற்றில் வைத்துச் செய்யேலாது, றோட்டோரம் இறக்கிக் கிடத்த வேணும். 1990 அம்புலன்சுக்கு ஒராள் போன் அடிக்க, மற்றாள் அமத்த வேணும். கந்தளாயில் ஆஸ்பத்திரி, தம்புள்ளையில், குருணாகலில். எழுதி வைத்தேன். தம்பி முன்சீற்றில். நான் அப்பாவுக்குப் பக்கத்தில்.