பூட்டு இல்லாத சாவி

"சார், இந்தச் சாவிக்குப் பூட்டு எங்க?"

காலை ஆறாக இன்னும் ஐந்து நிமிடம் இருந்திருக்கும். எங்கள் காகித ஆலை மெஷினில் தாள் அறுந்து, தாளைச் சுருட்டும் போப் ரீல் பக்கம் எல்லோரும் ஓடிக்கொண்டிருந்த நேரம். ஃபிட்டர் அண்ணன் என் முன்னால் வந்து நின்று உள்ளங்கையை விரித்தார். சின்னப் பித்தளைச் சாவி. கத்தவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். அதனால் எனக்கும் சாதாரணமாகவே பதில் வந்தது.

"ராத்திரி வெட்டிட்டோம்ணே. உங்களுக்கு போன் போட்டேன், சுவிட்ச் ஆஃப்னு வந்துச்சு."

"தூங்கிட்டேன் சார். சரி, சொல்லியிருக்கலாம்" என்றார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் மறுபடி ரீல் பக்கம் திரும்பினேன். மொத்தமே அரை நிமிடப் பேச்சு.

அவர் எங்கிருந்து வந்தார் என்பது எனக்கு ஆறரை மணிக்குத்தான் தெரிந்தது. கன்வேயர் ஓட்டும் பையன் வந்து சொன்னான். அண்ணன் நேராக, கழிவுக் காகிதத்தைத் தண்ணீரில் கரைத்துக் கூழாக்கும் தொட்டியான ப்ரோக் பல்பருக்குப் போயிருக்கிறார். ஒரு காலை உள்ளே ஏணிப்படியில் வைத்துவிட்டார். இவன் பார்த்துவிட்டு, "அண்ணே, ராத்திரி பூரா ஓடுச்சுண்ணே, இப்ப அடுத்த லோடு போடப் போறேன்" என்று கத்தியிருக்கிறான். அவர் காலை எடுத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல், மோட்டார்களுக்கு மின்சாரம் போகும் எம்.சி.சி. அறைக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். வேலை நடக்கும்போது யாரும் மின்சாரத்தைப் போட்டுவிடாதபடி பிரேக்கரில் அவர் மாட்டியிருந்த பூட்டு இல்லை. அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்திருக்கிறார்.

இதில் யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. அதனால் இதை எழுதுவதே கொஞ்சம் மிகையாகத் தெரியலாம். எனக்கும் பல நாள் அப்படித்தான் தோன்றுகிறது.

முந்தைய இரவு நடந்ததைச் சொல்கிறேன். நான் சி ஷிஃப்ட் இன்சார்ஜ், ராத்திரி வேலை. பி ஷிஃப்ட்காரர் ஒப்படைத்த புத்தகத்தில் "பல்பர் ஷவர் லைன் வேலை முடிந்தது" என்று எழுதியிருந்தது. அப்போதே ஃபினிஷிங்கில் ப்ரோக் குவிந்து கிடந்தது. கழித்த ரீல்கள், ட்ரிம், கட்டர் கழிவு எல்லாம் சேர்ந்து நடைபாதையை அடைத்து, ஃபோர்க்லிஃப்ட் ஒரு பக்கமாகச் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது. தீயணைப்புக் குழாய்ப் பெட்டியின் கதவுக்கு முன்னால் ஆள் உயரத்துக்குக் காகிதம். ஒரு மணிக்கு பல்பரை ஓட்டச் சொன்னேன். எலக்ட்ரீஷியன் எம்.சி.சி.யிலிருந்து கூப்பிட்டார்: "சார், ஒரு பூட்டு தொங்குது."

அட்டையில் ஃபிட்டர் அண்ணனின் பெயர், படம். மூன்று முறை போன் செய்தேன். கேட்டில் கேட்டேன், 10.12க்கு வெளியே போன பதிவு இருந்தது. பல்பருக்கு நானே போய் டார்ச் அடித்துப் பார்த்தேன், பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். படிவத்தை நிரப்பி, எலக்ட்ரீஷியனைச் சாட்சியாக வைத்து, போல்ட் கட்டரால் வெட்டச் சொன்னேன். 1.40க்கு ரோட்டர் ஓடியது. ஷிஃப்ட் புத்தகத்தில் நேரம் போட்டு எழுதிவைத்தேன்.

பூட்டை வெட்டவே கூடாது என்று எந்த விதியும் சொல்வதில்லை. அமெரிக்காவில் 1989இல் வந்த பூட்டு, அட்டை விதியிலேயே அதற்கு வழி இருக்கிறது. எங்கள் நடைமுறையும் அதே சாயலில் எழுதப்பட்டதுதான். போட்டவர் வளாகத்தில் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். அவரைத் தொடர்புகொள்ள முடிந்தவரை முயல வேண்டும். அவர் மறுபடி வேலையைத் தொடங்கும் முன், பூட்டு எடுக்கப்பட்டதை அவருக்குத் தெரிவித்திருக்க வேண்டும். மூன்று. முதல் இரண்டையும் நான் செய்தேன், ஆதாரம் இருக்கிறது.

மூன்றாவது என்னவென்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆறு மணிக்கு டைம் ஆபீஸ் பக்கம் நின்று சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். 5.40க்குத் தாள் அறுந்தது. தாள் அறுந்தால் ஷிஃப்ட் இன்சார்ஜ் எங்கே இருப்பார் என்று காகித ஆலையில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதுவும் புதுப் பையன்கள் அறுந்த தாளின் வாலை மறுபடி உருளைகளுக்குள் கோக்கும்போது பக்கத்தில் நிற்காமல் இருக்க எனக்கு மனம் வராது. நிமிடத்துக்கு 900 மீட்டர் என்றால் நொடிக்கு 15 மீட்டர். கை இழுபடுகிறது என்று மூளைக்கு உறைக்கக் கால் நொடி ஆனால், அதற்குள் நாலு மீட்டர் தாள் உருளைகளுக்கு நடுவே போயிருக்கும். சிவப்புப் பொத்தானை அடித்தாலும் டிரையர் சிலிண்டர் உடனே நிற்காது, தன் எடையிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஆகவே நான் நின்ற இடம் தவறு என்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் கேட்டுக்கு ஒரு போன் போட்டு, "அவர் வந்தா என்னைப் பார்க்கச் சொல்லுங்க" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அதையும் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். கால் நொடிக் கணக்கு மாதிரி அது அவ்வளவு கச்சிதமாக வருவதில்லை.

சரி, அவர் பக்கமும் தவறு உண்டு. பூட்டை எடுக்காமல் வீட்டுக்குப் போனது ஒன்று. புது ஷிஃப்டில் புது பெர்மிட் இல்லாமல் பல்பருக்குள் கால் வைத்தது இன்னொன்று. பெர்மிட் எதற்கு என்று அவருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. கூழ் தேங்கி அழுகினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும், முதலில் அழுகின முட்டை வாடை அடிக்கும், 100 பி.பி.எம். பக்கம் போனால் மூக்கு மரத்து அந்த வாடையும் நின்றுவிடும், வாடை போய்விட்டது என்று இறங்குகிறவன்தான் விழுவான் என்று பயிற்சி வகுப்பில் எனக்கே சொல்லிக்கொடுத்தவர் அவர். ஆக்ஸிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் தலையைக்கூட உள்ளே நீட்டாதே என்பார். அப்படிப்பட்டவர் மீட்டர் இல்லாமல், வெளியே ஓர் ஆளை நிறுத்தாமல் எப்படி இறங்கினார்?

இதற்கு எனக்குத் தெரிந்த பதில் எனக்கு உதவுவதாக இல்லை. அவர் வேலையைத் தொடங்கப் போகவில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரப் போனார். அவர் மனதில் முந்தைய இரவு முடியவே இல்லை. ஒரு ஃப்ளாஞ்சுக்கு கேஸ்கெட் கிடைக்காமல் நின்றுபோன வேலை. ஸ்டோர் பூட்டியிருந்ததால் காலையில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று பூட்டை வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். பி ஷிஃப்ட் இன்சார்ஜிடம் சொன்னதாக அவர் சொன்னார். வேலை முடிந்தது என்றுதான் தன் காதில் விழுந்தது என்று அந்த இன்சார்ஜ் சொன்னார். ஆள் குறைவு என்று, பத்து மணிக்குப் போன அண்ணனை ஆறு மணிக்கே வரச் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தால் ஐந்து மணி நேரத் தூக்கம் மிஞ்சுமா என்று தெரியவில்லை. அவ்வளவு தூக்கத்தோடு வந்த மனிதருக்கு ஒரே ஒரு விஷயம் மட்டும் உறுதியாகத் தெரியும்: சாவி என் பையில் இருக்கிறது, எனவே பல்பர் ஓடாது.

எங்களுக்கு அத்தனை வகுப்பிலும் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். பொத்தானை நம்பாதே, கன்ட்ரோல் ரூமிலிருந்து யாரோ ஓட்டிவிடலாம். எமர்ஜென்சி ஸ்டாப்பை நம்பாதே, அதை யாரும் விடுவித்துவிடலாம். "நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லும் ஆளை நம்பாதே. உன் பூட்டு, உன் சாவி, அதை மட்டும் நம்பு. அவர் அதைத்தான் நம்பினார். அந்த நம்பிக்கையை ராத்திரி 1.40க்கு நான் வெட்டியிருக்கிறேன், அவரோ 5.50 வரை அதன் மேல் நடந்துகொண்டிருந்தார்.

ஓடுகிற மெஷினுக்கு எல்லோரும் பயப்படுவார்கள். பல்பர் அப்படியில்லை. காலி செய்து நிறுத்திவிட்டால் அது வெறும் தொட்டி. அடியில் ரோட்டர் இருக்கிறது, 200 கிலோவாட் மோட்டார் அதைச் சுற்றுகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. மெயின் மெஷினாக இருந்திருந்தால் தூரத்திலேயே சத்தம் கேட்டு, பூட்டு போய்விட்டது என்று புரிந்துகொண்டிருப்பார். லோடு லோடாக ஓடி நிற்கிற பல்பர் அன்று காலை, அவர் விட்டுப்போன மாதிரியே அமைதியாக இருந்தது.

விசாரணையில் நான் ஒன்று சொன்னேன். பல்பரில் முதலில் தண்ணீர்தான் திறப்பார்கள், அப்புறம்தான் ரோட்டர், ஆகவே உள்ளே இருந்தாலும் தண்ணீர் விழுந்ததும் அவர் ஏறி வந்திருக்க முடியும் என்று. கேட்டவர்கள் தலையசைத்தார்கள். நடைமுறையில் தண்ணீர் திறந்த கையோடு ரோட்டரையும் போட்டுவிடுகிற ஆபரேட்டர்கள் இருக்கிறார்கள். அது எனக்குத் தெரியும். கன்வேயர் பையனுக்கும் தெரியும், அவன் அந்த அறையில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அங்கே நான் சொல்லாத இன்னொன்று உண்டு. யாரும் கேட்கவில்லை, அதனால் மறைத்தேன் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது லோடு ஓடும்போது நான் பல்பர் பக்கம் போயிருந்தேன். ஷவர் லைனில் ஒரு ஃப்ளாஞ்சிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. பையன் காட்டினான், "சார், லீக் ஆகுது". "தண்ணிதானே, காலையில பார்த்துக்கலாம்" என்றேன்.

வேலை முடிந்தது என்று புத்தகம் சொன்னது. முடியவில்லை என்று ஃப்ளாஞ்ச் சொன்னது. முடியாத வேலையை முடிக்க அதே ஆள்தான் வருவார். பூட்டை விட்டுப் போனது மறதி இல்லை, காரணமாகத்தான் என்று அங்கேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் படித்த படிப்புக்கு இது பெரிய கணக்கில்லை. ஆனால் அந்த நேரத்தில் என் கண்ணில் பட்டது நடைபாதையில் குறைந்துகொண்டிருந்த காகிதம் மட்டுமே. குழாய்ப் பெட்டியின் கதவு தெரிய ஆரம்பித்திருந்தது, அதில் எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது. பாதுகாப்புக்காகத்தான் வெட்டினேன் என்று அன்று நம்பினேன். உற்பத்திக்காக வெட்டினேன் என்று யாராவது சொன்னால் இன்றும் கோபம் வரும். இரண்டும் கலந்துதான் இருந்தது என்று இப்போது எழுதும்போது, அதிலும் எது எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை.

முடிவில் அவருக்கு மெமோ. பூட்டை விட்டுச் சென்றது, பெர்மிட் இல்லாமல் நுழைய முயன்றது என்று இரண்டு குற்றம். என் பெயர் வந்த இடத்தில் "தகவல் தெரிவிக்கும் முறை மேம்பட வேண்டும்" என்ற ஒரு வரி. அவர் படித்துப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நான் அந்த அறையிலேயே இருந்தேன்.

அதோடு புது விதியும் வந்தது. பூட்டை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் மெமோ. அதை எழுதிக்கொடுத்ததில் எனக்கும் பங்கு உண்டு, நல்லதென்று நினைத்துத்தான் செய்தேன். மூன்று மாதத்தில் எம்.சி.சி.யில் அனாதைப் பூட்டு ஒன்றுகூட இல்லை. கூட்டத்தில் பாராட்டினார்கள்.

பிறகு ஒரு நாள், மெஷினில் கூச் ரோல் என்ற உருளையில் வேலை நடந்தபோது எட்டிப் பார்த்தேன். உள்ளே மூன்று பேர் வேலை செய்கிறார்கள். ஆளுக்கொரு பூட்டு மாட்ட ஆறு துளை உள்ள கொக்கியில் ஒரே ஒரு பூட்டு. மற்ற இருவரையும் வெளியே கூப்பிட்டுக் கேட்டேன். அதில் சின்னவன் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான்: "போட்டு மறந்துட்டா மெமோ சார். அதான், அண்ணன் பூட்டு இருக்குல்ல."

அனாதைப் பூட்டு ஏன் குறைந்தது என்று அப்போது புரிந்தது. மெமோ விதியை எடுக்கச் சொல்லி எழுதினேன், இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. எடுத்துவிட்டால் மறுபடி பூட்டுகள் தொங்கும், ராத்திரி ஒரு மணிக்கு மறுபடி யாரோ ஒருவர் போல்ட் கட்டரைத் தேடுவார். அது நானாகவும் இருக்கலாம். அன்று வெட்டியிருக்கக் கூடாதா என்று கேட்டால், வெட்டியிருப்பேன் என்றுதான் வாயில் வருகிறது. கேட்டில் ஒரு சீட்டும், பல்பர் ஏணியில் ஓர் அட்டையும் கட்டிவிட்டு வெட்டியிருப்பேன். இவ்வளவு எளிதாக இருப்பதுதான் எரிச்சலாக இருக்கிறது.

ஃபிட்டர் அண்ணனுக்கு ஸ்டோரில் புதுப் பூட்டு கொடுத்துவிட்டார்கள். பழைய சாவியைத் திருப்பிக் கொடுத்தாரா என்று நான் கேட்கவில்லை. நான் ட்யூட்டியில் இருக்கும் நாளெல்லாம், ஷிஃப்ட் முடிந்து போகும் முன் என் மேஜைப் பக்கம் வந்து பூட்டைத் தூக்கிக் காட்டுகிறார். "எடுத்துட்டேன் சார்." முகத்தில் சிரிப்பும் இல்லை, சிடுசிடுப்பும் இல்லை. விதிப்படி அப்படி யாரும் காட்ட வேண்டியதில்லை. வேண்டாம்ணே என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தேன்.

"இருக்கட்டும் சார்" என்றார். மறுநாளும் வந்து காட்டினார்.