எழுத்தில் கேட்காதீங்க

"எழுத்தில கேட்காதீங்க பாஸ்டர்." நான் அன்று சொன்னது அவ்வளவுதான். நல்லதுக்குத்தான் சொன்னேன் என்று இன்றைக்கும் வாதாடுவேன். யாரும் கேட்காமலே ஏன் வாதாடிக்கொண்டிருக்கிறேன் என்பதுதான் பிடிபடவில்லை.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு வீட்டில் ஞாயிறு ஜெபம். கோயில் நிர்வாகம் முறைப்பாடு கொடுத்தது, நான் வேலை பார்த்த அரச அலுவலகத்தில் கூட்டம் வைத்தோம். அந்த மாதிரிக் கூட்டங்கள் எப்படிப் போகும் என்று தெரிந்ததுதானே. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் பேசினார், பொலிஸில் இருந்து ஒருவர் வந்து பேசாமல் இருந்தார், கடைசியில் பதிவு எடுக்கும் வரை ஜெபத்தை நிறுத்தச் சொல்லியாயிற்று. பாஸ்டர் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. "சரி சேர், அதை ஒரு கடிதமாத் தாங்க" என்றார். பார்ப்போம் என்று கூட்டத்தை முடித்தார்கள்.

அப்புறம்தான் அவரைத் தாழ்வாரத்தில் மறித்து அதைச் சொன்னேன். கடிதம் போட்டால் பொலிஸுக்குப் பிரதி போகும். பிரதி கையில் இருந்தால் அடுத்த ஞாயிறே ஜீப் வரும். வெறும் வாய்ப்பேச்சை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் வரமாட்டார்கள், கொஞ்ச நாளில் ஊரும் ஆறிவிடும் என்பது என் கணக்கு. அவர் சிரித்தார்.

"கடிதம் இல்லாட்டி நான் எதைக் கொண்டுபோய் யாரிட்ட கேக்கிற, தம்பி?"

அவர் விபரம் தெரிந்தவர். நாங்கள் வைத்திருந்தது 2008 இல் மத விவகாரங்களுக்கான அமைச்சு அனுப்பிய சுற்றுநிருபம். புதிதாக வழிபாட்டுத் தலம் கட்டுவதென்றால் அனுமதி எடுக்க வேண்டும் என்பது அது. பாராளுமன்றத்தில் நிறைவேறிய சட்டமல்ல. அந்த வீட்டில் ஒரு கல் கூடப் புதிதாக வைக்கவுமில்லை, விறாந்தையில் பாய் விரித்துப் பாடினார்கள். (ஸ்பீக்கர் ஒன்று இருந்தது, உண்மைதான். ஆனால் திருவிழாக் காலத்தில் எங்கள் ஊர்களில் ஸ்பீக்கரைப் பற்றிப் பேச யாருக்கு வாய் இருக்கிறது?) அரசியலமைப்பின் 9 ஆவது உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை கொடுத்தாலும், 10 ஆவது உறுப்புரை விரும்பிய மதத்தைத் தழுவும் சுதந்திரத்தை எந்த வரையறையும் இல்லாமல் எல்லோருக்கும் கொடுக்கிறது. கூடி வழிபடும் உரிமை 14 இல் இருக்கிறது. அதைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டும், சுற்றுநிருபம் போதாது. ஆனால் அடிப்படை உரிமை மீறல் என்று 126 இன் கீழ் உயர் நீதிமன்றம் போவதென்றால் ஒரு மாதத்துக்குள் போக வேண்டும், கையில் ஏதாவது இருக்க வேண்டும். அந்த ஏதாவதைத்தான் அவர் கேட்டார்.

போயிருந்தாலும் என்ன கிடைத்திருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொள்வதுண்டு. 2003 இல் மென்சிங்கன் கன்னியாஸ்திரிகளின் சபையைக் கூட்டிணைக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரண் என்று சொன்னதும் இதே உயர் நீதிமன்றம்தான். 2005 இல் ஐ.நா. மனித உரிமைக் குழு அது மத சுதந்திரத்தை மீறுகிறது என்று கருத்துச் சொன்னது, சரி, ஜெனீவாக் கருத்தைக் கொண்டுவந்து படுவான்கரையில் என்ன செய்வது? கொழும்புக்குப் போய்த் தோற்று வருவதைவிடப் பேசாமல் இருப்பது மேல் என்று நினைத்தேன். ஆனால் தோற்பதா இல்லையா என்று முடிவெடுக்க வேண்டியவர் அவர்.

சிலுவை இந்த ஊருக்குப் புதிதல்ல. 1814 இலேயே மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்துவிட்டார். பழைய சபைகளோடு யாருக்கும் தகராறில்லை. என் பக்கத்து மேசைக் கத்தோலிக்க நண்பரே, "இந்த அல்லேலூயாக் கூட்டத்தால எங்களுக்கும் கெட்ட பேர்" என்றார். அன்றைக்கு அது எனக்கு வசதியாக இருந்தது.

ஜீப் வரவில்லை. என் கணக்கு சரி என்று சில காலம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஜெபம் நின்றுபோன வீட்டுக்கு ஜீப் ஏன் வரவேண்டும்? 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு, காவல் போடுவதற்காக வழிபாட்டு இடங்களின் விபரம் கேட்டார்கள். அந்தச் சபைக்கு எங்களிடம் கோவையே இல்லை. வீடு வீடாக மாறிக் கூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன், எந்த வீடு என்று தெரியாது. தெரிந்திருந்தாலும் எழுதிக் கொடுத்திருப்பேனா என்பது வேறு கேள்வி. பட்டியலில் பெயர் ஏறுவது எப்போதும் பாதுகாப்பு என்று இந்த மண்ணில் பிறந்த யாரும் சொல்லமாட்டார்கள்.

2020 இல் கிழக்கு மாகாணத்துக்கென்று தொல்பொருள் செயலணி ஒன்றை ஜனாதிபதி அமைத்தார், ஆரம்பத்தில் அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. ஊரெல்லாம் பயம். அந்த வண்ணக்கர் என் மேசைக்கு வந்தார். "நாளைக்கு நம்மட கோயில் காணியில ஆரும் வந்து கை வைக்கிறதெண்டா, எழுத்தில தந்திட்டு வைக்கட்டும் மகன்" என்றார். உடனே உட்கார்ந்து அவருக்காகக் கடிதம் எழுதினேன். எந்த உறுப்புரையைக் குறிப்பிட வேண்டும் என்று தேட வேண்டியிருக்கவில்லை. பதிவுத் தபாலில் போடுங்கள், துண்டைப் பத்திரமாக வையுங்கள் என்று சொல்லியும் அனுப்பினேன்.

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி, "அப்ப பாஸ்டருக்கு?" என்றாள். அது காணி விசயம், இது ஊர் ஒற்றுமை விசயம், இரண்டும் ஒன்றில்லை என்று நெடுநேரம் விளக்கினேன். அவள் அரச வேலை பார்த்தவள் இல்லை.