பரிசு இல்லாத விளையாட்டுகள்

பிள்ளைகளை நூலகத்துக்கு வரவழைப்பது பெரிய வேலை இல்லை. மழை பெய்தால் வருவார்கள். பள்ளிக்கூடம் விட்டு பஸ் வர நேரமானால் வருவார்கள். ஃபேன் காற்றுக்காகக்கூட வருவார்கள். மறுநாளும் வரவைப்பதுதான் வேலை. தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டுப் பக்கம் ஊர்ப்புற நூலகம் ஒன்றில் பல வருஷமாக உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் எனக்குப் பிடிபட்ட சில விஷயங்களை எழுதி வைக்கிறேன். இதே வேலையில் இருப்பவர்களுக்கு உதவலாம்.

எங்களுடையது ஒற்றை அறை. சுவரை ஒட்டி இரும்பு அலமாரிகள், நடுவில் நீள மேஜை, இரண்டு பெஞ்சு, வாசலுக்குப் பக்கத்தில் என் நாற்காலி. பூட்டுத் திறப்பது, கூட்டுவது, பேப்பரை நூலில் கோத்து வைப்பது, புத்தகம் கொடுத்து வாங்குவது, மாத அறிக்கை எழுதுவது எல்லாம் ஒரே ஆள். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023இல் மதுரையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த டீச்சர் ஒருவர், “நீங்களும் ஏதாவது செய்யலாமே சார்” என்றார். செய்யலாம்தான். எங்கள் குழந்தைகள் பிரிவு என்பது கடைசி அலமாரியின் கீழ் இரண்டு தட்டு.

முதலில் எனக்குக் கண்ணில் பட்டது கையெழுத்து. உள்ளே வருகிறவர்கள் வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பெரியவர்களுக்கு அது ஒரு தொல்லை. கோழி கிறுக்கின மாதிரி கிறுக்கிவிட்டுப் போவார்கள். பிள்ளைகளுக்கோ அது பெரிய விஷயம். யோசித்துப் பார்த்தால் பத்து வயசுப் பிள்ளையிடம் யார் கையெழுத்துக் கேட்கிறார்கள்? ராங்க் கார்டில் அப்பா போடுவார், அப்பா பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருந்தால் ஆயா கைநாட்டு வைக்கும். இங்கேதான் முதல்முதலாக ஒரு அரசாங்க நோட்டு அவர்கள் முன்னால் விரித்து வைக்கப்படுகிறது. நாக்கைக் கடித்துக்கொண்டு, மெதுவாக எழுதுவார்கள். ஒரு பையன் பெயருக்கு அடியில் இரண்டு கோடு, கோட்டுக்கு அடியில் இரண்டு புள்ளி. மறுவாரம் புள்ளி மூன்றானது. “ஏன்டா மாத்தினே?” என்றேன். “பழசை இவன் காப்பி அடிக்கிறான் சார்” என்று பக்கத்தில் இருந்தவனைக் காட்டினான்.

சரி, இதையே விளையாட்டாக்கலாம் என்று தோன்றியது. பின்பக்கம் வெற்றாக இருக்கும் பழைய நோட்டீஸ்களை நறுக்கி வைத்து, கையெழுத்து உருவாக்கும் நாள் என்று சனிக்கிழமை அறிவித்தேன். (எங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, சனி, ஞாயிறு திறந்திருக்கும். பிள்ளைகள் விஷயத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.) பென்சில் தவிர செலவே இல்லை. சத்தமும் இல்லை. அன்று பெயர் எழுதிப் பழகிய பிள்ளைகளில் பலர் பிறகு பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதற்காகவே வந்தார்கள். வந்தவர்கள் போகிற போக்கில் எதையாவது புரட்டினார்கள்.

அதற்கு முன்பெல்லாம் நாங்கள் செய்தது போட்டிகள். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, ஓவியப் போட்டி. வாசகர் வட்டத் தலைவர் வருவார், சால்வை போடுவோம், டிபன் பாக்ஸ் பரிசு கொடுப்போம். எனக்கு இதில் ஒரு குறை உண்டு. எந்த வருஷம் நடத்தினாலும் ஜெயிப்பது அதே சில பிள்ளைகள்தான். அவர்கள் பள்ளியிலும் ஜெயிக்கிறவர்கள், வீட்டில் பேச்சு எழுதிக் கொடுக்க ஆள் இருப்பவர்கள். மற்றவர்கள் கைதட்டிவிட்டு மிக்சர் பொட்டலத்தோடு போய்விடுவார்கள். பள்ளியில் தோற்ற பிள்ளையை நூலகத்துக்குக் கூப்பிட்டு இங்கேயும் ஒருமுறை தோற்கடித்து அனுப்புவதற்கு நூலகம் எதற்கு? நூலக வாரத்தில் இப்போதும் போட்டி நடத்துகிறேன், அது வழக்கம். மற்ற நாட்களில் பரிசு என்ற பேச்சே கிடையாது. பரிசுக்குப் பதில் ஏதாவது பொறுப்பைக் கொடுத்தால் பிள்ளைகள் அதை இன்னும் ஆசையாக வாங்கிக்கொள்கிறார்கள் என்பது என் அனுபவம்.

வீட்டு வரி ரசீது விஷயம் அப்படித்தான் வந்தது. “சார், இந்த புக்கெல்லாம் யார் வாங்கித் தர்றாங்க?” என்று ஆறாம் வகுப்புப் பெண் கேட்டாள். அரசாங்கம் என்று சொல்லி முடித்திருக்கலாம். 1948இல் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த பொது நூலகச் சட்டம் பற்றிச் சொன்னேன். வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி என்று பிரித்து எடுக்கிறார்கள், அந்தக் காசுதான் நூலகங்களுக்கு வருகிறது என்றேன். சட்டம் என்றதும் கொட்டாவி விட்டவர்கள், பத்துப் பைசா என்றதும் நிமிர்ந்தார்கள். “உங்க வீட்டு ரசீதில் நூலக வரின்னு எழுதியிருக்கான்னு பார்த்துட்டு வாங்க” என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் கவரோடு ஒருத்தி, சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்ததை மஞ்சள் கறையோடு எடுத்துக்கொண்டு ஒருவன். அசல் ரசீதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்களே என்று எனக்குப் பதற்றம். பார்த்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பிக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். அவர்கள் மேஜை மேல் பரப்பி வைத்து யார் வீட்டில் எவ்வளவு என்று கூட்டிக்கொண்டிருந்தார்கள். வாடகை வீட்டுப் பையன் ஒருவன் மட்டும் ரசீது இல்லாமல் ஓரமாக நின்றான். வாடகையிலிருந்துதானே வீட்டுக்காரர் வரி கட்டுகிறார் என்று அவனை எப்படியோ கணக்கில் சேர்த்தோம். அதற்குப் பிறகு கிழிந்த புத்தகத்தைப் பார்த்தால், “எங்க காசு சார் இது” என்று சண்டைக்கு வருகிறார்கள். இது நான் எதிர்பார்த்த விளைவுதான், இவ்வளவு சத்தமாக எதிர்பார்க்கவில்லை.

சத்தம் என்றதும் பேப்பர் படிக்க வரும் பெரியவர்களைச் சொல்ல வேண்டும். ஒற்றை அறை நூலகத்தில் பிள்ளைகளுக்கு என்ன செய்தாலும் முதலில் அவர்களிடம்தான் பஞ்சாயத்து. “இது படிக்கிற எடமா, திண்ணையா?” என்று ஒரு பெரியவர் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. வீட்டில் டிவி சத்தம் தாங்காமல் வருகிறவர். அதனால் காலை வேளை முழுக்க அவர்களுக்கு, சாயங்காலம் பிள்ளைகளுக்கு என்று வாய்வார்த்தையாக ஒரு ஒப்பந்தம். சாயங்காலமும் பேப்பர் பார்த்தே ஆக வேண்டும் என்கிறவர்களுக்கு நாற்காலியை வாசல் வேப்பமரத்தடியில் போட்டுவிடுகிறேன். பெரியவர் இன்னும் பிள்ளைகளோடு ராசியாகவில்லை, அது அவர் இஷ்டம்.

சத்தம் போடாத விளையாட்டு என்றால் ஆடுபுலியாட்டத்தை அடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. புளி உலுக்கும் பருவத்தில் எங்கள் பக்கம் திண்ணைக்குத் திண்ணை ஆயாக்கள் உட்கார்ந்து புளி தட்டுவார்கள். கூடவே பேரப் பிள்ளைகளும் உட்கார்ந்து கொட்டை எடுப்பார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. அந்த மாதங்களில் பிள்ளைகள் நூலகத்துக்கு வருவது குறையும், வந்தாலும் டவுசர் பை நிறையப் புளியங்கொட்டையோடு வருவார்கள். அதையே காயாக்கினோம். சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் முக்கோணமும் குறுக்குக் கோடுகளும் போட்டால் இருபத்து மூன்று முனைகள். பதினைந்து கொட்டை ஆடு, மூன்று கூழாங்கல் புலி. புலி தாண்டி வெட்டும். ஆடுகள் கூடிப் புலியை நகரவிடாமல் அடைத்தால் ஆடு பக்கம் ஜெயம். அடுத்த காயை யோசித்து யோசித்து வைப்பதால் பேச்சே இருக்காது. புலியாக ஆடுவதுதான் கெத்து என்று ஆரம்பத்தில் எல்லோருக்கும் புலி வேண்டும். ஆட்டக்காரர் கை தேறத் தேற, ஆடு வேண்டும் என்பார்கள்.

கதை வாசிப்பு, காகிதத்தில் கொக்கு மடிப்பது, விடுகதை எல்லாம் வழக்கம்போல நடக்கும். விடுகதையில் மட்டும் ஒன்று. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற பிள்ளைகள் இங்கே நிறைய உண்டு. ஆயாவிடம் கேட்டு வீட்டுப் பேச்சிலேயே விடுகதை கொண்டுவரலாம், மற்ற பிள்ளைகள் அதைத் தமிழில் சொல்லி விடை கண்டுபிடிக்க வேண்டும் என்று வைத்தபோது, வகுப்பில் வாய் திறக்காதவர்களுக்கு மவுசு கூடியது.

எனக்கு ரொம்பப் பிடித்தது நடுகல் சாயங்காலம். தருமபுரி மாவட்டத்தில் நடுகல்லுக்குப் பஞ்சமில்லை. ஏரிக்கரையிலும் வயல் ஓரத்திலும் நிற்கும். சில ஊர்களில் மஞ்சள் குங்குமம் வைத்துச் சாமியாகவே கும்பிடுகிறார்கள். தருமபுரி டவுனில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்தில் நிறையச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். மாடு கவர்ந்தவர்களை எதிர்த்துச் செத்த வீரனுக்கு ஊரார் நட்ட கல் என்று சொன்னபோது பிள்ளைகள் மரியாதைக்குத் தலையாட்டினார்கள். பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூர் நடுகல்லைச் சொன்னதும் நிலைமை மாறிவிட்டது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல் அது. வீரன் விழுந்துவிட்டான், அவனுடைய நாய் கள்ளர் இருவரைக் கடித்துவிட்டு அங்கேயே காவல் நின்றது. அந்த நாய்க்குக் கோவிவன் என்று பெயர். வீரனோடு அதன் உருவத்தையும் பெயரையும் அந்தக் கல்லிலேயே பொறித்திருக்கிறார்கள்.

“நாய் பேரையா சார் எழுதினாங்க?”

“எழுதியிருக்காங்க.”

“அப்ப எங்க மணிக்கும் எழுதலாமா?”

மணி என்பது போன வருஷம் ரோட்டில் லாரியில் அடிபட்ட நாய். எழுதலாம் என்றேன். அட்டைப் பெட்டியைக் கிழித்து, கரித்துண்டால் வரைய ஆரம்பித்தார்கள். மேலே படம், கீழே கல்வெட்டு மாதிரி நாலு வரி. மணி தவிர, பாம்பைக் கொன்ற கீரி ஒன்று, கிணற்றில் விழுந்த ஆட்டுக்குட்டி ஒன்று, இன்னும் சாகாத பூனை ஒன்று. “உயிரோட இருக்கிறதுக்குக் கல் நடக்கூடாதுடி” என்று மற்றவர்கள் சொல்லியும் பூனைக்காரி கேட்கவில்லை. முன்கூட்டியே எழுதி வைப்பதாகச் சொன்னாள். ஒரு பையன் எதுவுமே வரையாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசியில் அவன் தாத்தா பெயரை எழுதி, “இவர் ஊருக்குக் கெணறு வெட்டினார். மூணு கெணறு” என்று போட்டான். அந்த அட்டைகளை வாரக்கணக்கில் அலமாரிமேல் சாய்த்து வைத்திருந்தோம். கரித்தூள் கொட்டிப் புத்தகமெல்லாம் கறை, துடைத்து மாளவில்லை. இதையே செய்ய நினைப்பவர்கள் கரிக்குப் பதில் கிரேயான் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் புத்தக ஆஸ்பத்திரி. கீழ்த் தட்டுப் புத்தகங்கள் கைபட்டுக் கைபட்டு முதுகு விட்டுப்போகும். பைண்டிங்குக்கு அனுப்பினால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மைதா பசை காய்ச்சி, நோயாளியைத் தேடிப் பிடித்து ஒட்டுவதைப் பிள்ளைகளிடம் விட்டேன். பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பது பைண்டர்கள் வழக்கம். அது விஷம் என்பதால் நான் சேர்க்கவில்லை. பூச்சி கொஞ்சம் வரத்தான் செய்கிறது, பரவாயில்லை. ஒரு பெண் நோயாளிச் சீட்டே எழுதினாள்: “பெயர், வயது, எங்கே வலி, ஒட்டியது யார்.” பதிப்பித்த வருஷத்தைப் பார்த்து வயதைக் கணக்குப் போட வேண்டும். கழித்தல் கணக்கு என்று யாரும் சொல்லாததால் எல்லோரும் சந்தோஷமாகக் கழித்தார்கள்.

கடைசிப் பக்கங்கள் காணாமல் போன கதைப் புத்தகங்களை என்ன செய்வது என்பதில்தான் பிரச்சினை. கழிவில் தள்ளவும் மனசில்லை, முடிவு தெரியாத கதையை இரவல் கொடுக்கவும் முடியாது. பிள்ளைகளே முடிவு எழுதட்டும் என்று விட்டேன். புத்தகத்தில் ஒட்டக்கூடாது, அது பதிவேட்டில் இருக்கும் அரசுச் சொத்து. தனித் தாளில் எழுதி உள்ளே செருக வேண்டும் என்பது மட்டும் விதி. காட்டில் வழி தவறிய அண்ணன் தங்கை கதை ஒன்று இப்படி முடிவில்லாமல் கிடந்தது. ஒருவன் எழுதிய முடிவில் அவர்கள் தொப்பூர் கணவாய் வந்து லாரி ஏறி வீட்டுக்குப் போகிறார்கள். இன்னொருத்தி எழுதியதில் வீட்டுக்குப் போகவே இல்லை. காட்டிலேயே வீடு கட்டி அம்மாவைக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். இரண்டும் இப்போது உள்ளே செருகியிருக்கின்றன. அந்தப் புத்தகத்தை இரவல் எடுப்பவர்கள் அட்டையைப் பார்ப்பதில்லை, எத்தனை முடிவு சேர்ந்திருக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள்.

மாத அறிக்கையில் இதற்கெல்லாம் பத்தி கிடையாது. வாசகர் வருகை எத்தனை, இரவல் எத்தனை, அவ்வளவுதான். ஆடுபுலி ஆடியவனை வாசகர் கணக்கில் சேர்க்கலாமா என்று நண்பரான இன்னொரு நூலகர் கேட்டார். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறான், சேர்த்துவிடுகிறேன் என்றேன். வரும் கோடை விடுமுறையில் கூத்து மாதிரி ஒன்று போட வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பென்னாகரம் பக்கம் கூத்துப் பார்த்துவிட்டு வந்த மயக்கம். கூத்தில் கதையை எடுத்துச் சொல்லிச் சிரிப்பு மூட்டுகிற கட்டியங்காரன் வேஷத்துக்கு இப்போதே அடிதடி. அதைச் சாயங்கால வேளையில் அறைக்குள் நடத்தவே முடியாது, வேப்பமரத்தடிதான். நாற்காலியை எங்கே போடுவது என்று பெரியவரிடம் இன்னும் பேசவில்லை.