காரே பரண்: தேரூர்க் குளக்கரையில் மூன்றாவது பனிக்காலம்

சென்ற ஆண்டு மார்கழியில் நாகர்கோவிலிலிருந்து புறப்பட்டு இரண்டு நாள்களில் ஏழு நீர்நிலைகளைச் சுற்றிவந்து எடுத்த 1,400 பறவைப் படங்களில், வைத்துக்கொள்ளத் தகுந்தவை 11 மட்டுமே. மற்றவற்றில் பெரும்பாலும் பறந்து விலகும் பறவைகளின் முதுகும் வாலுமே பதிந்திருந்தன. படங்களை நேர வரிசையில் அடுக்கிப் பார்த்தபோது, நான் காரின் கதவைத் திறந்த சில விநாடிகளுக்குள் ஒவ்வொரு முறையும் கூட்டம் கலைந்திருப்பது தெரிந்தது. ஓடும் வண்டிக்குப் பழகிப்போன பறவை, அதிலிருந்து இறங்கும் மனித உருவத்தைக் கண்டதும் எழுந்துவிடுகிறது. ஆகவே இந்த ஜனவரியில் மூன்று நாள் பயணத்துக்கு ஒரே ஒரு விதியை வைத்துக்கொண்டேன்: படம் எடுக்கும் இடத்தில் வண்டியைவிட்டு இறங்குவதில்லை; காரே நான் மறைந்திருக்கும் பரண்.

அத்தான் வண்டி ஓட்டினார். இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டுக்கும் நகர்ந்துகொள்ள வசதியாக நான் பின் இருக்கையில் அமர்ந்தேன். தொலைவில் உள்ளதை அருகில் காட்டும் 150–600 மி.மீ. லென்ஸைக் கையிலேயே தாங்கிக்கொண்டு அரைமணி நேரம் காத்திருக்க இயலாது என்பதால், பழைய ஜீன்ஸ் கால் ஒன்றை வெட்டி, இரு முனைகளையும் தைத்து, அரிசி நிரப்பிய பை ஒன்றைச் சென்ற ஆண்டே செய்திருந்தேன். கண்ணாடியை இறக்கி, கதவு விளிம்பின்மேல் இந்தப் பையைப் போட்டு, அதில் லென்ஸை அழுத்தி வைத்தால் ஆடாமல் நிற்கும். ஆனால் ஒரு மழையில் நனைந்த அரிசி உள்ளேயே புளித்துப் போனது. இம்முறை அம்மாவிடம் கேட்டு, புளி குத்தியபோது எடுத்து வைத்திருந்த புளியங்கொட்டைகளை நிரப்பினேன். வழவழப்பாக இருப்பதால் அவை லென்ஸின் எடைக்கேற்ப எளிதாக விலகி இடம் கொடுக்கின்றன. சாரல் பட்டாலும் துடைத்து வெயிலில் வைத்தால் போதும். அரிசியைவிட இது எல்லா வகையிலும் மேலானது. இன்ஜினை அணைத்துவிட வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதன் அதிர்வு பையைத் தாண்டியும் 600 மி.மீ.-இல் படத்தைக் கலைத்துவிடுகிறது.

முதல் நாள் காலையை ஒரு தவற்றால் இழந்தேன். கேமராவை இரவு முழுவதும் ஏ.சி. அறையில் வைத்திருந்து, அப்படியே எடுத்துக்கொண்டு கிளம்பினேன். குளக்கரையின் ஈரக்காற்று பட்டதும் லென்ஸின் முன்கண்ணாடி பால் ஊற்றியதுபோல வெளுத்தது. துடைக்கத் துடைக்க மீண்டும் படிந்தது. அது தெளிவதற்குள், மிக அருகில் நின்ற கூழைக்கடாக்கள் நீந்தி நடுக்குளத்துக்குப் போய்விட்டன. மறுநாள் முதல் கேமரா பையைத் திண்ணையறையில் வைத்தேன், வண்டியிலும் ஏ.சி. போடவில்லை.

இரண்டாம் நாள் தேரூர்க் குளம். கவிமணி பிறந்த ஊரின் இந்தக் குளமும் பக்கத்திலுள்ள சுசீந்திரம் குளமும் சேர்ந்த ஈரநிலம் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அதே ஆண்டில் வேம்பனூர் ஈரநிலமும் சேர்க்கப்பட்டது. நான் கிழக்குக் கரையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் காலை வெயில் முதுகுப்புறம் இருக்கும் என்பதே. அங்கே நின்ற பிறகுதான் அதைவிடப் பெரிய நன்மை ஒன்று புலப்பட்டது. பறவைகள் எழும்போதும் இறங்கும்போதும் காற்றை எதிர்த்தே திரும்புகின்றன. இந்தப் பருவத்தில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருவதால், கிழக்குக் கரையில் இருப்பவருக்கு வெயிலும் காற்றும் ஒரே பக்கமாக, முதுகுக்குப் பின்னால் அமைகின்றன. எனவே மீசை ஆலாக்கள் தலையைக் கீழே கவிழ்த்து நீரைப் பார்த்தபடி, முகத்தில் முழு வெளிச்சத்துடன், என்னை நோக்கியே வந்தன. சென்ற ஆண்டு வாலைப் படமெடுத்த அதே இனத்தை இப்போது கண்ணோடு கண்ணாகப் பார்க்க முடிந்தது. ஷட்டர் வேகம் 1/2500 விநாடி, அப்பெர்ச்சர் (லென்ஸின் துளை அளவு) 6.3, ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 800. கருநிற நீரின்மேல் வெண்ணிறப் பறவை வரும்போது கேமரா நீரைக் கணக்கில்கொண்டு படத்தைத் தேவைக்குமேல் வெளிச்சமாக்கிவிடும். இறகுகளின் வரிகள் அழிந்துவிடும். எக்ஸ்போஷரை, அதாவது பதியும் வெளிச்சத்தை, ஒரு படி குறைத்த பிறகே வெண்மைக்குள் இறகுகள் தனித்தனியாகத் தெரிந்தன.

ஏழரை மணியளவில் மஞ்சள் மூக்கு நாரை ஒன்று வண்டியிலிருந்து பதினைந்தடி தொலைவுக்கு நடந்து வந்தது. அலகைப் பாதி திறந்து நீருக்குள் விட்டு, இடமும் வலமுமாகத் துழாவிக்கொண்டே அது முன்னேறியது. மீனைக் கண்ணால் தேடுவதில்லை, அலகில் ஏதேனும் பட்டவுடன் படக்கென்று மூடுகிறது. முதுகின் பின்பகுதியில் தாமரை இதழ் நிறத்தில் இறகுகள் தொங்க, அவற்றின் நுனியில் ஒரு துளி நீர் நின்று கொண்டிருந்தது. அந்தத் துளி விழுவதற்குள் எடுத்த ஒரு படத்துக்காகவே மூன்று நாள்களையும் கொடுக்கலாம்.

அப்போது கரையில் சைக்கிளில் வந்த பெரியவர் ஒருவர் நின்று, “மக்கா, வண்டிய விட்டு எறங்கிராத. எறங்குனா போயிரும்” என்று தணிந்த குரலில் சொன்னார். “இல்ல பாட்டா, உள்ளேயேதான் இருப்பேன்” என்றேன். ஆனால் சற்றுத் தள்ளி நின்ற மற்றொரு படக்காரர், பறக்கும் படம் வேண்டும் என்பதற்காகக் குளத்தில் கல்லெறிந்தார். நாரை உட்பட எல்லாம் எழுந்து போயின. நீண்ட பயணம் செய்து வந்து, இரை தேடும் நேரத்தில் இருக்கும் பறவையை இப்படி விரட்டி எடுக்கும் படத்தை நான் படமாகவே கருதமாட்டேன். அவரிடம் அதைச் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் விடிவதற்குள் மணக்குடிப் பாலத்தைக் கடந்து புத்தளம் உப்பளத்துக்குச் சென்றோம். உப்பு வாராத மழை மாதங்களில் பாத்திகளில் நீர் ஆழமில்லாமல் தேங்குவதால் சிறுகால் பறவைகளுக்கும் அங்கே இரை கிடைக்கிறது. ஏறத்தாழ 25 கிராம் எடையே உள்ள கொசு உள்ளான், வடதுருவத்தை ஒட்டிய நிலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு இந்தச் சேற்றுக்கு வந்து தையல் ஊசிபோல அலகைக் குத்திக் குத்தி எடுப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பவளக்கால் உள்ளான்கள் பக்கத்துப் பாத்தியில் நின்றன. ஒன்பது மணிக்குமேல் எடுத்த படங்கள் ஒன்றும் தேறவில்லை: சூடேறிய வரப்பிலிருந்து கானல் எழுந்து, ஃபோகஸ் சரியாக இருந்தும் பறவையின் விளிம்பு நெளிந்தே பதிந்தது. எந்த லென்ஸும் இதைச் சரிசெய்யாது. தொலைவு குறைய வேண்டும், இல்லையேல் நேரம் முந்த வேண்டும்.

பிற்பகலில் பேச்சிப்பாறைச் சாலையோரம் மலை அணில் ஒன்றைக் கண்டோம். மரநிழலில் ஐ.எஸ்.ஓ. 6400 வரை ஏற்றியும் படம் சொரசொரப்பாகவே வந்தது.

மூன்று நாள்களில் மொத்தம் 620 படங்கள், வைத்துக்கொண்டவை 47. கும்பப்பூ நெற்போகத்தின் அறுவடை தொடங்கியதும் தேரூர் வயல்களில் நத்தைகுத்தி நாரைகள் இறங்கும். மாசியில் அங்கே போவதற்கு அத்தானிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். வலப்பக்கக் கதவுக்கென இரண்டாவது புளியங்கொட்டைப் பையும் தைத்தாயிற்று.