கம்பனியை மூடும் நாள்

விடுதிச் சாப்பாடு, துடுப்பாட்டம், அதிபரின் பிரம்பு எல்லாவற்றையும் எழுத நம் பழைய மாணவர் சங்கத்தில் ஆட்கள் நிறைய உண்டு; ஒவ்வொரு மலரிலும் அந்தப் பிரம்பு இரண்டு அங்குலம் நீண்டுகொண்டும் போகிறது. நான் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் புதன்கிழமை மாலைகளில் செய்துவரும் ஒரு வேலையைப் பற்றி எழுதுகிறேன். அதற்கான பாடமும் நம் கல்லூரியில் படித்ததுதான்.

ஜூனியர் அச்சீவ்மென்ட் என்ற அமைப்பு 1919இல் அமெரிக்காவின் மசாச்சூசெட்ஸ் மாநிலத்தில் தொடங்கியது. கனடாவுக்கு 1955இல் வந்தது. உயர்தரப் பாடசாலைப் பிள்ளைகள் ஒரு குழுவாகக் கூடி உண்மையாகவே ஒரு சிறு கம்பனி நடத்துவார்கள். தலைவரையும் நிதி, உற்பத்தி, விற்பனைப் பொறுப்பாளர்களையும் தாங்களே தெரிவு செய்வார்கள். பங்கு விற்று முதல் சேர்ப்பார்கள், பொருள் செய்வார்கள், விற்பார்கள். பாடசாலை ஆண்டு முடியுமுன் கம்பனியைக் கலைத்துக் கணக்குத் தீர்ப்பார்கள். எங்களைப் போன்ற தொண்டர்கள் பக்கத்தில் இருந்து வழிகாட்டுவோம். நான் ஒரு சரக்குக் களஞ்சியத்தின் கொள்வனவுப் பிரிவில் வேலை செய்கிறவன். என்னோடு வழிகாட்டுபவர்களில் ஒருவர் வங்கியில் இருக்கிறார், மற்றவர் விளம்பர நிறுவனத்தில்.

ஸ்காபரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் உயர்தரப் பாடசாலைச் சான்றிதழுக்கு 40 மணித்தியாலச் சமூகத் தொண்டு கட்டாயம். 1999இல் வந்த ஏற்பாடு. நம் பெற்றோர் பலருக்கு அது ஒரு கையெழுத்துத்தான். "அண்ணை, இதிலை எத்தினை மணித்தியாலம் போட்டுத் தருவியள்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பிள்ளை அங்கே என்ன செய்கிறது என்று கேட்டவர்கள் குறைவு. அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. இரண்டு வேலை செய்கிற தாய்க்குப் புதன்கிழமை என்பது இரவு வேலைக்குப் போகும் இன்னொரு நாள்.

எங்கள் குழு எடுத்த பொருள் பழைய சேலையில் தைத்த துணிப்பை. அலுமாரியில் தூங்கிய அம்மாமாரின் சேலைகள் மூட்டை மூட்டையாக வந்தன. துணி இலவசம் என்பதால் பையை மிக மலிவாக விற்கலாம் என்று பிள்ளைகள் தீர்மானித்தார்கள். நூல், உள்துணி, கைப்பிடி எல்லாம் எழுதியவர்கள் தைப்பவரின் நேரத்தை எழுதவில்லை. வீட்டில் அம்மா தைப்பதற்கு யார் காசு கொடுத்தது? அந்த ஒரு வரியை எழுதவைக்க ஒரு முழு மாலை போனது. விலை இரட்டிப்பானது. அப்படியும் விற்றது.

வேலைத்தலப் பழக்கங்கள் சொல்லிக்கொடுப்பதும் இதில் ஒரு பகுதி. நேர்முகத் தேர்வு, மின்னஞ்சல், தொலைபேசியில் முன்பின் தெரியாதவரோடு பேசுவது. திரையில் விரலால் உலகத்தையே புரட்டும் பிள்ளைகளுக்கு, ஒரு கடைக்காரரை அழைத்து "உள்துணி மீற்றர் என்ன விலை?" என்று கேட்கக் கை நடுங்குகிறது. தன்விவரக் கோவை எழுதச் சொன்னபோது ஒரு பெண்பிள்ளை, "எனக்கு அனுபவம் ஒன்றும் இல்லை" என்றாள். பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டு வயதிலிருந்து அப்பம்மாவை வைத்தியரிடம் கூட்டிப் போய் மொழிபெயர்க்கிறாள்; வீட்டு வரிக் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறாள்; சனிக்கிழமைகளில் மாமாவின் பலசரக்குக் கடையில் காசுப் பெட்டியில் நிற்கிறாள். இதெல்லாம் வேலை என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. எழுதி முடிக்க ஒரு பக்கம் போதவில்லை.

இனி நம் கல்லூரிக்கு வருகிறேன். தொண்ணூறுகளின் தொடக்கம், இலங்கையின் வடக்கில் போரும் பொருளாதாரத் தடையும் இருந்த காலம். மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் தங்க விலை, பற்றரியும் கிடையாது. சைக்கிள் தைனமோவைச் சுழற்றித்தான் வானொலிச் செய்தி கேட்டோம். உயர்தர வணிகப் பிரிவுப் பொடியள் நாங்கள் நூலகத்துக்குக் காசு சேர்க்க ஜாம் போத்தல் விளக்குச் செய்து விற்றோம். போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெய், பழைய சைக்கிள் வால்வில் கோர்த்த திரி. படிக்கிற பிள்ளை இருக்கிற வீடெல்லாம் வாங்கியது. ஆரம்பக் காசு பெற்றோரிடமும் சந்திக் கடைக்காரரிடமும் கடன்.

விற்று முடிந்ததும் மாஸ்டர் எங்களை விடவில்லை. வகுப்பின் முன் நிறுத்தி, யாரிடம் எவ்வளவு வாங்கினோம், எத்தனை போத்தல் உடைந்தது, எவ்வளவு மிஞ்சியது என்று வாசிக்கச் சொன்னார். கடைக்காரரையும் வந்து இருக்கச் சொல்லியிருந்தார். அந்த மனிதர், "அது கிடக்கட்டும் மாஸ்டர், பள்ளிக்கூடத்துக்குத்தானே" என்றார். மாஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. "முதலிலை வாங்குங்கோ. குடுக்க விரும்பினால் பிறகு குடுங்கோ, பற்றுச்சீட்டு எழுதுறம்" என்றார். கணக்கியலில் படித்த இரட்டைப் பதிவு முறை எனக்குப் பாதி மறந்துவிட்டது. இது மறக்கவில்லை.

அதனால்தான் இந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்தது கம்பனியை மூடும் நாள். தொடங்குவதைப் பற்றிப் பேசச் சொன்னால் எல்லோரும் பேசுவார்கள். ஒழுங்காக முடித்து, மற்றவனின் காசைக் கணக்கோடு திருப்பிக் கொடுப்பதை நம் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர் இல்லை. சீட்டுப் பிடித்து நொந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஊர்ச் சங்கங்களில், கோயில் சபைகளில், ஏன் பழைய மாணவர் கூட்டங்களிலும், "கணக்கறிக்கையை வாசித்ததாக எடுத்துக்கொள்வோம்" என்று ஒருவர் எழும்புவார். மற்றவர்கள் மதியச் சாப்பாட்டை நினைத்துக் கை தூக்குவார்கள். (ஆசிரியர் குழு இந்த வரியை வெட்டாமல் விடும் என்று நம்புகிறேன்.)

எங்கள் பிள்ளைகள் பங்கொன்றைப் பத்து டொலருக்கு விற்றிருந்தார்கள். இலாபம் பெரிதில்லை என்றாலும் இருந்தது. மிஞ்சிய காசில் பீட்சா வாங்கிக் கொண்டாடலாம் என்று பாதிப் பேர். நிதிப் பொறுப்பாளர் ஒரு மெலிந்த பையன், கூட்டத்தில் அதுவரை வாய் திறக்காதவன். "அது பங்குதாரரின் காசு. அவர்களிடம் கேட்காமல் தொட முடியாது" என்றான். சண்டை முற்றியது. நாங்கள் பெரியவர்கள் மூவரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். வழிகாட்டுவதில் கடினமான பகுதி அதுதான். கடைசியில் வாக்கெடுத்தார்கள். பையன் வென்றான்.

பங்குதாரர்களை அழைத்துக் கணக்கு வாசித்தார்கள். பழுதாய்ப்போன பைகளையும் மறைக்கவில்லை. ஒரு மாமா கையை வீசி, "விடு தம்பி, நீங்களே வைச்சிருங்கோ" என்றார். பையன் பேனையை நீட்டினான்: "இல்லை மாமா, கையெழுத்து வைச்சு வாங்குங்கோ. பிறகு உங்கடை விருப்பம்." அவனுக்கு நான் மாஸ்டரின் கதையைச் சொல்லியிருக்கவில்லை.

அடுத்த குழு இலையுதிர் காலத்தில் தொடங்கும். வாரத்தில் ஒரு மாலை போதும். பிள்ளைகளோடு பழகும் வேலை என்பதால் பொலிஸ் சான்று கேட்பார்கள், அது கைக்கு வர நாள் பிடிக்கும், கோடையிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். கணக்காளர்களும் கணினிக்காரரும் தாங்களாகவே வருகிறார்கள். கடை நடத்தியவர்கள், தையல் தெரிந்தவர்கள், பாரவூர்தி ஓட்டுபவர்கள் "எங்களுக்கு என்ன தெரியும்" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். எனக்கு வேண்டியது அவர்களைத்தான்.